பதினான்கு சிவப்பு நூல்கள்

சீஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
நான் வீடு திரும்பும் ஐந்தரை மணிக்குத்தான்
ஹோஸ்டா விரியும்.
ஒரே ஒரு பகல்.
அந்தியில் ஈரக் காகிதமாய்ச் சுருண்டுவிடும்.
அதற்குள் யாராவது வந்தாக வேண்டும்.

பத்தொன்பது வருஷமாய் இங்கே பூ இல்லை.
தண்டு தலைநீட்டியதும்
கத்தரிக்கோலோடு வருவான் ஆர்லின்.
"இலைக்காகத்தானே வளர்க்கிறோம்" என்பான்.
இப்போது அவன் டுலூத்தில்,
வேறொருத்தி வாசலில் வெட்டிக்கொண்டிருப்பான்.
இந்த ஜூலையில்
என் கிழக்குப் பாத்தி முழுக்க
இடுப்பளவு உயரத்துக்கு ஊதா.

தேனீயிடம் விட்டால் தகப்பன் பெயர் தெரியாது.
ஆகவே வேலைக்குக் கிளம்புமுன்,
நாளை விரியப்போகும் மொட்டைத் தேடுவேன்.
வெளிறி, வயிறு உப்பி,
மற்றவற்றைவிடச் சற்றே தலை தாழ்ந்திருக்கும்.
இதழை உரித்து, ஆறு மகரந்தக் காம்புகளையும் கிள்ளிப்போட்டால்
நிறமும் இல்லை, தேனீ வந்திறங்கத் திண்டும் இல்லை.
சூல்தண்டு ஒன்று மட்டும்
தூண்டில் முள்ளாய் நுனி வளைத்து
இரவைக் கடக்கும்.

தகப்பனோ ஃப்ரிட்ஜில்,
வெண்ணெய்க்குப் பக்கத்தில், மாத்திரை டப்பாவுக்குள்
மஞ்சள் பொடியாய்.

விடியலில், கையுறை கழற்றியும்
புளித்த பால் வாடை போகாத விரலால்
ஒற்றி எடுப்பேன், தடவுவேன்,
காம்பில் சிவப்பு நூல் ஒன்று கட்டுவேன்.
பதினான்கு நாள், பதினான்கு நூல்.

வேலிக்கு அப்பால், வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே
யெர் தாவ் நிமிர்ந்து கேட்டாள்:
"இதைத் தின்னலாமா?"
"மான் தின்னும்."
"அப்போ நீ மானுக்குத்தான் தோட்டம் போட்டிருக்கே."

மூன்று நாள் வெக்கை.
விஸ்கான்சினில் யாரும் எதிர்பாராத வெக்கை.
தொட்டதுமே கையோடு வந்தன, ஒன்பது.
விரல்நுனி அளவு பச்சை,
நூலோடு சேர்த்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மீதி ஐந்துக்கு
யெர் தாவ் சொன்னவர் வந்தார்,
ஆகஸ்ட் மூன்றாம் தேதி இரவு.
இலையில் பாதியையும் தண்டில் முழுசையும் முடித்துவிட்டு
மண்ணில் குளம்படியை ரசீதாய் வைத்துவிட்டுப் போயிருந்தார்.
நூலையும் விடவில்லை.

அன்று காலை நான் தூங்கவில்லை.
கோபத்தில் பாத்தியைச் சுத்தம் செய்யப்போய்,
ஜூலை தொட்டு அங்கேயே கவிழ்ந்துகிடந்த
தள்ளுவண்டியைப் புரட்டினால்,
அதன் விளிம்புக்கடியில் படுத்தவாக்கில் ஒரு தண்டு.
நான் பார்க்காதது, உரிக்காதது, நூல் கட்டாதது.
அதில் மூன்று காய்.

செப்டம்பர் இருபதில் உறைபனி என்று ரேடியோ சொன்னது.
அரைக்காயாகத்தான் இருந்தது.
தண்டோடு வெட்டி, உடைந்த காப்பிக் கோப்பையில் நீர் ஊற்றி
சமையலறை ஜன்னலில் வைத்தேன்.
தினமும் நீர் மாற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை.
ஐந்தாம் வாரம் பச்சை மங்கிற்று,
பிறகு பழுப்பு,
பிறகு ஒரு மதியம், வெளியே முதல் பனி விழுகையில்,
நெற்று மூன்றாய்ப் பிளந்திருந்தது.

மேஜையில் கொட்டி எண்ணினேன்.
முப்பத்தொன்று.
இருபது வெளுத்த பதர், ஊதினால் பறந்தது.
பதினொன்று கறுப்பு.
ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சிறகு,
சிறகடியில் ஒரு மேடு.
அந்த மேட்டை நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
கெட்டியாக இருந்தது.

உறையின்மேல் எழுத வேண்டும்.
தாய்: கிழக்குப் பாத்தி, வரியோடிய இலை.
தந்தை:
பேனாவை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்,
"நான் வருவதற்குள் வந்து போனவர்."

பதரை யெர் தாவின் கோழிகளுக்குப் போட்டேன்.
அவையும் தொடவில்லை.